கிளி இல்லாத காட்சி

ஜனவரி 22

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். இடுப்பு மட்டும் பழைய வழக்கைத் தூசு தட்டி எடுத்திருக்கிறது. உன் அத்தானுக்கு ஒரு குறையும் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்ததும் தூக்கம் வந்துவிடுகிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது முழங்காலைப் பார்த்துக்கொள். வயசு நாற்பத்தொன்று, குதிக்கிற வயசு இல்லை.

வியாழக்கிழமை டிவி தொடருக்கு வருகிறேன். கணக்கு வாத்தியார்தான் கொலைகாரன் என்று முதல் ஐந்து நிமிஷத்திலேயே உன் அத்தானிடம் சொல்லிவிட்டேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், ஆனாலும் சாட்சி. சாவு வீட்டுக்கு வந்தவன் ஷூ கயிற்றை இரண்டு முடிச்சாகப் போட்டிருந்தான், கவனித்தாயா? துக்கத்தில் இருக்கிறவன் ஒரு முடிச்சே ஒழுங்காகப் போடமாட்டான். இதைக் கண்டுபிடிக்க நம் இருமல் இன்ஸ்பெக்டருக்கு ஐம்பது நிமிஷம் ஆயிற்று. வழக்கம்போல இரண்டு தரம் இருமிவிட்டு என்னமோ தானே யோசித்ததுபோல அறிவித்தார். பத்துக்கு ஆறு.

ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு நாலரைதான். அந்த டாக்டர் மனைவி முதல் காட்சியிலேயே கணவனைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். அப்போதே கதை முடிந்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் எதற்கு இழுத்தார்கள்? பதினேழு வருஷமாகச் சட்டைக் கம்பெனியில் பிசிறு தேடுகிற கண் எனக்கு. காலருக்கு அடியில் ஒரு நூல் தொங்கினாலும் தப்பாது, இவள் தப்பிவிடுவாளா?

அடுத்த வியாழன் கப்பலுக்குப் போகிற சரக்கு இருக்கிறது. ஏழு மணிக்குள் வீடு வர முடியாது. நீ பார்த்து, கதையை ஒரு வரி விடாமல் எழுது. போனில் சொல்கிறேன் என்று ஆரம்பிக்காதே. எனக்குப் போன் என்றால் கம்பெனி மேனேஜர் மேசையில்தான் இருக்கிறது. அவர் முன்னால் நின்றுகொண்டு யார் யாரைக் கொன்றார்கள் என்று பேச முடியுமா?

உன் உடம்பைப் பற்றி எழுது. நலம் என்று ஒற்றைச் சொல்லில் ஏமாற்றாதே.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

எனக்கு உடம்பு நலம். முழங்காலும் பரவாயில்லை. உனக்கு இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கிறார்களா? அத்தானை விசாரித்ததாகச் சொல், விழித்திருந்தால்.

நீ தவறவிட்ட எபிசோட் வித்தியாசமாக இருந்தது. ஒரு கடிகாரம் பழுது பார்க்கிறவன். மனைவி ஒரு கடையில் நிற்கிறாள். பதினோரு வருஷக் குடும்பம், பெரிய சண்டை சச்சரவு இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவள் கடை நாலு மணிக்கே மூடிவிடும். ஆனால் அவள் வீட்டுக்கு வருவது ஏழு மணிக்கு. எங்கே போனாய் என்றால், "சும்மா கொஞ்சம் நடந்துட்டு வந்தேன்" என்கிறாள். மூன்று மாதமாக இப்படி. ஒருநாள் மழை. குடை எடுக்க அவள் கைப்பையைத் திறக்கிறான். உள்ளே ஒரு சினிமா டிக்கெட், பாதி கிழித்தது. செவ்வாய்க்கிழமை தேதி. ஒன்றே ஒன்று.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. முடிவைப் பார்க்கவில்லை.

நீ என்ன நினைக்கிறாய் அக்கா? ஒரு டிக்கெட் என்றால் என்ன அர்த்தம்? அவன் என்ன செய்ய வேண்டும்? உன் கணிப்பு தப்பாது. சீக்கிரம் எழுது.

உன் தம்பி

அண்ணி, நான் நலம். நீங்கள் நலமா? இவர் எழுதுவதை எனக்குக் காட்டுவதில்லை. மடித்துவிட்டு, அடியில் ஒரு வரிக்கு மட்டும் இடம் தருகிறார்.


பிப்ரவரி 11

அன்புத் தம்பி,

சௌக்கியம். ஒத்தடம் நானே கொடுத்துக்கொள்கிறேன். உன் அத்தானிடம் சொன்னால் வெந்நீர் ஆறிய பிறகு கொண்டுவருவார். உன் வீட்டுக்காரியின் ஒற்றை வரியையும் பார்த்தேன். அந்த ஊமைக் குசும்புக்குக் கேட்டதாகச் சொல்.

இதற்குப் போய் இன்ஸ்பெக்டர் எதற்கு? ஒரு டிக்கெட் அவள் கைப்பையில் இருந்தால் இன்னொரு டிக்கெட் எவனோ ஒருவன் சட்டைப்பையில் இருக்கிறது. அவ்வளவுதான். தனியாகப் போய்ப் படம் பார்க்கிற பெண்ணை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? எனக்குத் தெரிந்து எந்தப் படத்திலும் இல்லை. நெருப்பில்லாமல் புகையாது. மூன்று மாதமாக நடந்தாளாம், செருப்பு தேய்ந்திருக்கிறதா என்று அந்தக் கடிகாரக்காரன் புரட்டிப் பார்த்தானா? பார்த்திருக்க மாட்டான். ஆண்பிள்ளைகளுக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது?

என்ன செய்ய வேண்டும் என்றா கேட்கிறாய்? ஏன், எதற்கு, எங்கே என்று சுற்றி வளைக்கக் கூடாது. அதற்கெல்லாம் அவள் பதிலைத் தைத்து, பட்டனும் வைத்து ரெடியாக மடித்து வைத்திருப்பாள். டிக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "அவன் பேரென்ன?" என்று மட்டும் கேட்க வேண்டும். வாய் பொய் சொல்லும், முகம் சொல்லிவிடும். நான் கதை எழுதினால் அந்த இடத்தில் அவள் சிரிப்பாள். மாட்டிக்கொண்டவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் அழுவார்கள்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. இதில் கொலையும் இல்லை, இன்ஸ்பெக்டர் எப்போது வந்தார் என்றும் நீ எழுதவில்லை. வரவரக் கதை சொல்லவே உனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் பத்துக்கு எட்டு போடுகிறேன், இரண்டு நாளாக அந்தப் பெண்ணைப் பற்றியே யோசிக்க வைத்துவிட்டது.

குளிர் காற்றில் மொட்டை மாடி மோட்டார் அறையில் நிற்காதே. உடனே பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

நலம். உன் இரண்டு கார்டும் கிடைத்தன. வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் நாலு லிஃப்டுக்கும் கயிறு மாற்றுகிறோம். இனிமேல் ஒர்க்ஷாப் விலாசத்துக்கே எழுது, தபால்காரர் அங்கேதான் ஒழுங்காக வருகிறார்.

போன வியாழன் நீதிபதி வீட்டுக் கதை பார்த்தேன். எனக்குப் பிடித்தது. நீதிபதி பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் எண்ணெய் போட்டு இறக்கினார். மூத்த மகள் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு எடுக்கிறாள், அவள்தான் மறைக்கிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பின்னால் ஒரு பெண்டுலம் ஓடிக்கொண்டே இருந்தது, கொஞ்சம் தாளம் தப்பி. இன்ஸ்பெக்டர் மூன்று முறை இருமினார். கடைசியில் மகள் கதவைப் படீரென்று சாத்திக்கொண்டு வீட்டை விட்டுப் போனாளே, சரியான முடிவு. போகத்தான் வேண்டும். எட்டு மார்க்.

உன் இடுப்பு எப்படி? அத்தானுக்கு வணக்கம். இங்கே எல்லாரும் நலம்.

தம்பி


ஏப்ரல் 10

தம்பி,

உயிரோடு இருக்கிறாய், சந்தோஷம். நானும் இருக்கிறேன். ஏழு வாரம் பதில் இல்லாமல் தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இப்போது என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ஒவ்வொரு தரமும் ஒரு நூல் பிரிகிறது.

அந்த மகள் வீட்டை விட்டுப் போகவே இல்லையே? கதவைச் சாத்தியது காற்று. அவள் உள்ளே அந்தப் பிரம்பு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிஷம் முழுக்க அவள் முகத்தைத்தான் காட்டினார்கள். பேச்சில்லை, சங்கீதமில்லை. இத்தனை வருஷத்தில் அந்தத் தொடரில் வந்த நல்ல காட்சி அது ஒன்றுதான், உன் அத்தான்கூட விழித்துப் பார்த்தார். நீ எப்படி அவளை வெளியே அனுப்பினாய்?

இன்னொன்று. பதினோரு வருஷமாக வீட்டு விலாசத்துக்கு வந்த தபால்காரர் திடீரென்று ஏன் ஒழுங்கு கெட்டார்? உன் வீட்டுக்காரியின் ஒற்றை வரி எங்கே? எல்லாரும் நலம் என்று எழுதியிருக்கிறாய். உங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். இரண்டு பேரை யாராவது எல்லாரும் என்பார்களா?

போகட்டும், நான் ஒன்றும் கேட்கவில்லை. இந்த வாரம் ஓட்டல் மேனேஜர் கதையைப் பார்த்திருப்பாய். மேசைமேல் கூண்டில் இருந்த அந்தப் பச்சைக் கிளியைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன? எனக்கு அது கொஞ்சம் செயற்கையாகப் பட்டது. உனக்கு எப்படி என்று எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

நான் சுகமே. இடுப்புக்கு ஒரு நல்ல டாக்டராகப் பார்க்கக் கூடாதா?

நீதிபதி கதையில் கடைசி நேரம் நான் டீ எடுக்க எழுந்துபோனேன். அதனால் வந்த குழப்பம். தபால்காரர் விஷயம் உண்மைதான், புது ஆள்.

ஓட்டல் கதை சுமார். மேனேஜர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே இருப்பது எரிச்சல். சமையல்காரன் குரல் நன்றாக இருந்தது. கிளியைச் செயற்கை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை அக்கா. அது பாட்டுக்கு இயல்பாகத்தான் இருந்தது. ஒரு பறவையிடம் அதற்கு மேல் என்ன எதிர்பார்க்க முடியும்? ஆறு மார்க்.

அவளுக்குக் கடையில் வேலை நெருக்கடி, அதனால்தான் எழுதவில்லை. உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

தம்பி


மே 1

தம்பி,

கிளியே இல்லையடா.

மேசைமேல் ஒரு பூச்சாடி இருந்தது, ஒரு மணி இருந்தது, மேனேஜரின் மூக்குக்கண்ணாடி இருந்தது. கூண்டும் இல்லை, கிளியும் இல்லை. நான் பறக்கவிட்ட கிளி அது. நீ அதன் நடிப்புக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறாய். படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் கம்பெனியில் இதையே நினைத்துக்கொண்டிருந்ததில், சட்டை ஒன்றில் கத்தரி பட்டுவிட்டது. பதினேழு வருஷத்தில் முதல் தடவை.

நான் யோசித்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஒன்று, உனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, என்னிடம் மறைக்கிறாய். அப்படியானால் நீ லிஃப்ட் குழிக்குள் இறங்கவே கூடாது. இரண்டு, உங்கள் வீட்டில் டிவி இல்லை. மூன்று, டிவி இருக்கிறது, நீ அந்த வீட்டில் இல்லை. மூன்றாவதைத்தான் நான் நினைக்க விரும்பவில்லை. ஆனால் அதற்குத்தான் எல்லாம் பொருந்துகிறது.

அவள் என்னைக் கேட்டதாக எழுதியிருக்கிறாய். அதை நான் நம்பவில்லை. அவள் ஏதோ செய்திருக்கிறாள், நீ மூடி மறைக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் நான் சாப்பிட்டுவிடுவேன் என்று நினைத்தாயா?

உண்மையை எழுது. ஒரு வாரம் பார்ப்பேன். வராவிட்டால் இந்த இடுப்போடு பஸ் ஏறி உன் ஒர்க்ஷாப் வாசலில் வந்து நிற்பேன்.

அக்கா


மே 9

அக்கா,

பஸ் ஏறாதே. எழுதிவிடுகிறேன்.

கண் நன்றாக இருக்கிறது. மார்ச் முதல் வாரத்திலிருந்து நான் வீட்டில் இல்லை. ஒர்க்ஷாப்புக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்திருக்கிறேன். பத்தடிக்கு எட்டடி. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் தண்ணீர்க் குழாய். டிவி கிடையாது. அடுத்த அறையில் தனியாக ஒரு ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு இருக்கிறார். காது மந்தம், அதனால் சத்தமாக வைப்பார். நான் சுவர்ப் பக்கம் தலை வைத்துப் படுத்துக்கொண்டு கேட்பேன். மோட்டார் எங்கே தேய்கிறது என்று காதை வைத்துச் சொல்கிறவன்தானே நான். யார் நடக்கிறார்கள், யார் உட்கார்கிறார்கள், யார் பொய் சொல்கிறார்கள் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பேசாமல் இருக்கிற காட்சியில்தான் மாட்டிக்கொள்கிறேன். போன வாரம் அவர் மகன் வந்து காது மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவருக்கு நல்லது. எனக்குத்தான் இப்போது இன்ஸ்பெக்டரின் இருமல்கூடச் சரியாகக் கேட்பதில்லை.

வியாழக்கிழமைத் தொடரைப் பற்றி எழுதாவிட்டால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்து எழுதினேன். எழுதியதால் கண்டுபிடித்துவிட்டாய்.

ஏன் வந்தேன் என்று மட்டும் கேட்காதே. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. உன் மேலும் தப்பு இல்லை. எல்லாம் நான் செய்தது.

உடம்பு நன்றாக இருக்கிறது. சாப்பாடு ஒர்க்ஷாப் கேன்டீனில். அத்தானிடம் சொல்லாதே.

தம்பி


மே 16

அம்மாடி,

நலமா? நான் உனக்கென்று தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. பதினோரு வருஷம் உன் ஒற்றை வரிக்கு என் ஒற்றை வரி என்று ஓட்டிவிட்டோம்.

சுற்றி வளைக்கவில்லை. என் தம்பி பத்தடி அறையில் சுவரில் காதை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். காரணம் கேட்டால், அவள் மேல் தப்பு இல்லை என்கிறான். தப்பு இல்லாத வீட்டை விட்டு எந்த ஆண்பிள்ளை வெளியே போவான்? அவன் உன்னைக் காப்பாற்றுகிறான் என்று எனக்குப் படுகிறது. எதிலிருந்து என்று நீதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு வரியும் எழுதியிருக்கிறான், "உன் மேலும் தப்பு இல்லை" என்று. அதை இரண்டு நாளாகத் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன். நான் என் பெயரையே எடுக்கவில்லையே, என்னை எதற்கு விடுதலை செய்தான்? சட்டையில் பிசிறு இல்லை என்று தையல்காரன் தானாக வந்து சொன்னால், நான் அந்த இடத்தைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பேன்.

உனக்குத் தெரிந்ததை எழுது. கசப்பாக இருந்தாலும் எழுது. உன் உடம்பையும் கவனித்துக்கொள்.

அக்கா


ஜூன் 8

அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் மருந்துக் கடையில் ஒரு களிம்பு இருக்கிறது, தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் தடவுங்கள், தேய்க்கக் கூடாது.

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

நான் செவ்வாய்க்கிழமைகளில் சினிமாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தனியாக. மூன்றாவது வரிசை, ஓர இருக்கை. நாள் முழுக்கக் கடையில் நின்று எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று பேசுகிறவள். வீட்டுக்கு வந்து ஒரு படம் பார்க்கலாம் என்றால், இடைவேளைக்கு முன்னாலேயே இவர் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். பிடித்ததும் காகிதம் எடுத்து உங்களுக்குக் குறிப்பு எழுத ஆரம்பிப்பார். "அக்கா இதுக்கு அஞ்சு மார்க்தான் போடுவா, பாரு" என்பார். மீதிப் படத்தை நான் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு படத்தையாவது முடிவு தெரியாமல், யாரையும் சந்தேகப்படாமல் பார்க்க எனக்கு ஆசை. அதைச் சொன்னால் இவருக்கு வருத்தமாக இருக்கும் என்று நடந்துவிட்டு வந்ததாகச் சொன்னேன். அந்தப் பொய் என் தப்பு.

நீங்கள் பார்க்க முடியாமல் போன அந்த வியாழக்கிழமை எபிசோடை நாங்கள் சேர்ந்துதான் பார்த்தோம். ஒரு பழைய கப்பல் கடிகாரம் திருடுபோன கதை. கடைசி வரைக்கும் பார்த்தோம். அதில் மனைவியும் இல்லை, கைப்பையும் இல்லை. நீங்கள் இரண்டு நாள் யோசித்த அந்தப் பெண் நான்தான், அண்ணி.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் டிக்கெட்டை மேசைமேல் வைத்தார். "அவன் பேரென்ன?" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. ஏதோ வசனம் மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பதுபோல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அவர் முகம் மாறிவிட்டது. "சிரிப்பேன்னு தெரியும்" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். தனியாகப் படம் பார்க்கிற பெண்ணை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்டார். "நீங்க நம்புற வரைக்கும் இந்த வீட்ல இருக்க வேண்டாம்" என்றேன். கருவிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உங்கள் கடிதங்களை நான் பிரித்ததே கிடையாது. அன்றைக்குத்தான் இழுப்பறையைத் திறந்து பிப்ரவரிக் கடிதத்தைப் படித்தேன். அவர் சொன்னது எல்லாம் அதில் வரிசையாக இருந்தது, நான் சிரித்ததுகூட. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று தெரிந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள் என்றும் நினைக்கப் பார்க்கிறேன்.

இரண்டு தடவை வந்து வாசலில் நின்றார். இரண்டாம் தடவை, லிஃப்ட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

மூன்றாம் தடவை வந்தால் உள்ளே விடுவேன். அதற்கு உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இனிமேல் அவருக்கு எழுதாதீர்கள். கோபத்தில் கேட்கவில்லை. மூன்று பேருக்கு அந்த வீட்டில் இடம் போதவில்லை. இதை நான் கேட்டதாக அவருக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 17

அன்புத் தம்பி,

நீ நலமாக இருக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் நலமில்லை, பயப்படும்படி ஒன்றும் இல்லை. கண்ணில் நீர் வடிகிறது. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்து, டிவி பார்க்கக் கூடாது, எழுத்து வேலை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை மாதம் என்று தெரியாது. உன் அத்தான் டிவியை மூடித் துணி போட்டுவிட்டார். அவருக்கு என்ன, துணியைப் பார்த்துக்கொண்டும் தூங்குவார்.

அதனால் இனி என்னிடமிருந்து கடிதம் வராது. நீயும் எழுதாதே, படித்துக்காட்ட ஆள் இல்லை. பஸ் ஏறி வந்துவிடாதே. வந்தால் அழுவேன், கண்ணுக்கு அது கூடாதாம்.

வீட்டுக்குப் போ. போகும்போது லிஃப்ட் பார்க்க வந்தேன், மீட்டர் பார்க்க வந்தேன் என்று சொல்லாதே. "அக்கா சொன்னா" என்றும் சொல்லாதே. "நான் தப்பா நெனச்சுட்டேன்" என்று சொல், அவ்வளவு போதும். அதற்கப்புறம் அவள் என்ன சொன்னாலும் நம்பு. நான் ஷூ முடிச்சைப் பார்த்துக் கொலைகாரனைக் கண்டுபிடித்தது உண்மை. ஆனால் அது எழுதிவைத்த கதை, யாரோ அந்த முடிச்சை எனக்காகவே போட்டு வைத்திருந்தார்கள். நிஜமாக வாழ்கிற வீட்டில் யாரும் அப்படிப் போட்டு வைப்பதில்லை. இது தெரிய எனக்கு ஐம்பத்திரண்டு வயசு ஆயிற்று. உன்னிடம் அவசரமாகத் தீர்ப்புச் சொன்னேனே, அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, தம்பி. துக்கமாகவும் இருக்கிறது.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 3

அண்ணிக்கு,

நான் நலம், அவரும் நலம். களிம்பு பலன் தந்ததா? கண்ணைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. உங்கள் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஜூன் கடைசியில் வந்துவிட்டார். வாசலில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அந்தத் தடவை அது அவருடைய வார்த்தை மாதிரிதான் கேட்டது. நான் ஒன்றும் கேட்காமல் வழிவிட்டேன். எனக்கு நீங்கள் பதில் எழுதவே இல்லை, ஆனால் கேட்டதைச் செய்துவிட்டீர்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம். இடைவேளையில் யாரையும் பிடிப்பதில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பல் பிடுங்க வந்தவர்போல. போன வாரம் படம் முடிந்து நடந்து வரும்போது, "எப்படி இருந்தது?" என்று நானாகக் கேட்டேன். "தெரியல. அக்கா பாத்திருந்தா சொல்லியிருப்பா" என்றார்.

உங்களுக்கு மூன்று கடிதம் போட்டிருக்கிறார். பதில் வராததால் உங்கள் உடம்புக்குப் பெரிதாக ஏதோ வந்து மறைக்கிறீர்கள் என்று நினைக்கிறார். நான் காரணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது சொல்லப்போவதை எழுத வெட்கமாக இருக்கிறது. நீங்கள் இருவரும் எழுதாமல் இருக்க முடியாதவர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒர்க்ஷாப் விலாசத்துக்கு எழுதுகிறீர்களோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை. நேற்று அவர் குளிக்கப் போனபோது கருவிப் பையைத் திறந்து பார்த்தேன். ஸ்பேனருக்கு அடியில், துணிக்கு அடியில், சாப்பாட்டு டப்பாவுக்குள்ளேகூட. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும் அவசரமாக மூடினேன். கையில் கிரீஸ். அதைக் கழுவ இரண்டு தரம் சோப்புப் போட்டேன். நான் யாருடைய பையையும் திறந்தவள் இல்லை, அண்ணி.

அதனால் நான் கேட்டதை நானே திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அவருக்கு எழுதுங்கள். ஒர்க்ஷாப்புக்கு வேண்டாம், வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள். தொடரைப் பற்றி எழுதுங்கள், இருமல் இன்ஸ்பெக்டருக்கு எத்தனை மார்க் வேண்டுமானாலும் போடுங்கள். கடிதத்தை நான் பிரிக்காமல் அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கமாட்டேன்.

நீங்கள் நம்ப வேண்டும். நான் நேற்றுப் பையைத் திறந்தவள் என்று தெரிந்தும், நம்ப வேண்டும்.

உங்கள் தம்பி மனைவி